யாரும் அழுத்தாத பச்சைப் பொத்தான்

வெளிநாட்டில் வேலை தேடிப் போகிறவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அங்கே எதைத் தொடக் கூடாது என்பதைத்தான். சுற்றுலாப் பயணியாக நுழைந்தவன் நேர்காணலுக்குப் போகலாம். பார்க்கலாம், கேட்கலாம், தலையாட்டலாம். ஒரு திருப்புளியைக் கையில் எடுத்தானென்றால் அது வேலை. வேலை என்றால் அனுமதி வேண்டும். விமானத்தில் இதை நான் மறுபடியும் சொன்னபோது என் அண்ணன் மகன் முகிலன் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக் காட்டினான். "போதுங்களா அத்தை?" என்றான். போதும்.

நான் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வூதியக் கோப்பு முதல் உயிர்வாழ் சான்று வரை, குடும்பத்தில் யாருக்கு எது வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விதி எண் சொல்வேன் என்பது எங்கள் வீட்டுக் கேலி. கேலியில் பிழை இல்லை. ஆகவே முகிலன் மலேசியாவில் வேலை தேடப் போகிறான் என்றதும் துணைக்கு நானும் போவதென்று முடிவானது. முடிவெடுத்தவள் நான்.

முகிலனுக்கு நாற்பது நெருங்குகிறது. கோவையில் ஒரு நிறுவனத்தில், இயந்திரங்களுக்குள் ஓடும் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தான். ஒரு காலையில் அவன் குழுவையே கலைத்துவிட்டார்கள். ஏறத்தாழ ஓராண்டாக வீட்டில் இருக்கிறான். அடுக்ககத்தில் யாராவது கேட்டால் அவன் மனைவி "வொர்க் ஃப்ரம் ஹோம்" என்று சொல்லிவருகிறாள். அந்தப் பொய் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். அந்த நேரத்தில்தான் இந்த விளம்பரம் வந்தது. கேமரன் மலையில், தேயிலைத் தோட்டங்களுக்கும் காய்கறிப் பண்ணைகளுக்கும் மின்னணுக் கருவிகள் செய்துதரும் ஒரு சின்ன நிறுவனம் ஆள் தேடியது. ஆங்கிலம் போதும், மலாய் தெரிந்தால் நல்லது, சீனம் தெரிந்தால் இன்னும் நல்லது. இணையத்தில் பேச்சு முடிந்து, கடைசிச் சுற்றுக்கு நேரில் வந்து சில நாள் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கச் சொன்னார்கள்.

"மலாய் ஒரு வார்த்தை தெரியாதுங்களே அத்தை" என்று முகிலன் கலங்கினான்.

"போகிற இடத்தில் தமிழர்கள் இருக்கிறார்கள். அது போதும்" என்றேன். எத்தனையோ தலைமுறைக்கு முன் கப்பலேறிப் போனவர்கள். நம்மைக் கண்டால் கைவிட்டுவிடுவார்களா?

கேமரன் மலையின் தானா ராத்தா நகரில் இறங்கியபோது மழை. மலை நகரம் என்றதும் நான் ஊட்டியை நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். ஊட்டியில் ஒரு அஞ்சல்தலை வாங்கவும் மேடேற வேண்டும். இங்கே பெரிய தெரு நேராகக் கிடக்கிறது. கடைகள், அரசு அலுவலகங்கள், மருத்துவமனை, பேருந்து நிலையம் எல்லாம் நடக்கிற தூரத்தில். மழைக்கு யாரும் ஓடவில்லை. வீட்டு ஆளைப் போல அதை நடத்தினார்கள். வந்தால் வரட்டும், போனால் போகட்டும்.

முகிலன் சில மாதமாகக் கைப்பேசியில் மலாய் படித்து வந்திருந்தான். பூனை பால் குடிக்கிறது, சிறுமியிடம் சிவப்புக் குடை இருக்கிறது என்பது வரை வந்திருந்தது. இரண்டும் இரவுச் சாப்பாட்டுக்கு உதவாதவை. ஆனாலும் ரொட்டி சானாய்க் கடையில் ஒரு வாக்கியத்தை மனப்பாடமாகத் தொடங்கினான். மாவை வீசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"தமிழ்லயே சொல்லுங்க அண்ணே. நமக்குத் தென்காசிப் பக்கம்."

"ரெண்டு ரொட்டி, ரெண்டு டீ."

"டீன்னா பால் ஊத்துனதா, தே ஓ-வா? தே ஓன்னா பால் கிடையாது. அம்மாவப் பாத்தா பால் டீ ஆள் மாதிரி தெரியுது."

சரியாகத்தான் கணித்தார். ரொட்டி சானாய் நம்மூர்ப் பரோட்டாவின் மெலிந்த தம்பி. தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பும், ஒரு துளியில் கண்ணைக் கலக்கும் சம்பலும். "பார்த்தாயா?" என்று முகிலனிடம் கேட்டேன். வெளிநாட்டுக்கு வந்து முதல் வேளையிலேயே என் கணிப்பு பலித்ததில் எனக்கு மிகுந்த திருப்தி.

மறுநாள் முதலாளியைப் பார்த்தோம். மிஸ் ஹோ என்று பெயர். காய்கறிப் பண்ணைக் குடும்பத்தில் பிறந்து பொறியியல் படித்த சீனப் பெண்மணி. அலுவலகம் ஒரு உரக்கடையின் மாடியில். படியேறும்போதே யூரியா வாடை கூட வந்தது. அவர் ஆங்கிலம் வினைச்சொல்லைக்கூடச் சிக்கனமாகச் செலவழிக்கும். நான் கொஞ்சம் பூர்த்திசெய்து எழுதுகிறேன்.

மேசைமேல் ஒரு சாம்பல் நிறப் பெட்டியை வைத்தார். தலையில் உள்ளங்கை அளவு சூரியத் தகடு. முகத்தில் ஒரே ஒரு பச்சைப் பொத்தான்.

"பறித்த தேயிலை மூட்டைக்குள் அடைந்து கிடந்தால் சூடேறும். சூடேறினால் சிவந்து கெடும். அதனால் தோட்டத்துச் சாலையோரக் கொட்டகைகளில் இதை மாட்டியிருக்கிறோம். மூட்டை நிறைந்ததும் அழுத்தினால் லாரி ஓட்டுநரின் கைப்பேசிக்குச் செய்தி போகும். லாரி உடனே வரும்."

"நல்ல ஏற்பாடு" என்றான் முகிலன்.

"யாரும் அழுத்துவதில்லை."

பெட்டியில் கோளாறு எதுவும் இல்லை. மலாய், வங்காளம், நேபாளி மூன்றிலும் வழிமுறை ஒட்டியாயிற்று. மலாய் சரளமாகப் பேசும் இரண்டு பொறியாளர்களை அடுத்தடுத்து அனுப்பியாயிற்று. "அவர்கள் அழகாக மலாய் பேசினார்கள். தொழிலாளர்கள் அழகாகச் 'சரி பாஸ்' என்றார்கள். மறுநாளும் ஒருவரும் அழுத்தவில்லை" என்றார் மிஸ் ஹோ. தோட்டம் பொறுமை இழந்துவிட்டது; எல்லாப் பெட்டிகளையும் கழற்றித் திருப்பித் தரப்போகிறது. "திங்கட்கிழமை தோட்டத்து உதவி மேலாளர் இங்கே வருகிறார். அதற்குள் ஏன் அழுத்துவதில்லை என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள். சொன்னால் வேலை உங்களுக்கு."

"சொல்லாவிட்டால்?" என்று நான் கேட்டேன்.

"ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகலாம்."

எனக்கு இந்தப் பெண்மணியைப் பிடித்துவிட்டது.

அந்த மலைச்சரிவில் மேற்பார்வைக்குத் தமிழர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தேன். இருக்கிறார், சூசை என்று பெயர் என்றார். அப்படியானால் சுற்றிப் பார்க்கும் நாளெல்லாம் அவரே எங்களோடு இருக்க வேண்டும், அவரே மொழிபெயர்க்க வேண்டும் என்று கேட்டேன். மிஸ் ஹோ என்னை ஒரு கணம் பார்த்தார். "உங்கள் விருப்பம்" என்றார். அனுபவமுள்ள அதிகாரி 'உங்கள் விருப்பம்' என்று சொன்னால் என்ன பொருள் என்பது, இத்தனை ஆண்டு கோப்பு பார்த்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"பசியாறிட்டீங்களா?" என்பதுதான் சூசை எங்களிடம் சொன்ன முதல் சொல். காலைச் சாப்பாட்டை அங்கே பசியாறுவது என்கிறார்கள். நாம் 'டிபன்' என்று சொல்லிக்கொண்டிருப்பதை நினைத்து வெட்கமாக இருந்தது. அறுபதைத் தொடும் வயது, கழுத்தில் சின்னச் சிலுவை, முழங்கால் வரை ரப்பர் காலணி.

"எங்க தாத்தா கங்காணி. அப்பா கிராணியா ஆபீஸ்ல உக்காந்தாரு. நான் மண்டோரு, ஆளுங்கள மேய்க்கிறேன். மவன் கோலாலம்பூர்ல கம்ப்யூட்டர். எல்லாரும் ஏறிக்கிட்டே போறாங்க, நான் மட்டும் நடுவுல எறங்கிட்டேன் லா" என்று சிரித்தார். அந்த 'லா' அங்கே பேச்சுக்கு வால்; தனியாகப் பொருள் கிடையாது.

அவருடைய லேண்ட் ரோவரின் கதவு கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. "கதவத் தொடாதீங்க அக்கா. கையோட வந்துரும்." பாதி மேட்டில் வண்டி நின்றது. சூசை இறங்கி, சக்கரத்தை உதைத்து, நாலு மொழியில் திட்டினார். மூன்றாவதிலேயே கிளம்பிவிட்டது; நாலாவது உபரி. "பழைய கெரேத்தா அக்கா. அன்பா சொன்னா கேக்க மாட்டான்."

மேலே போனோம். மலை முழுக்க யாரோ பச்சை வெல்வெட்டை விரித்து நகத்தால் கோடு கிழித்ததுபோல் இருந்தது. வால்பாறையில் கூடை சுமந்த பெண்களைப் பார்த்தே பழகியவள் நான். இங்கே கூடையும் இல்லை, பெண்களும் குறைவு. நீண்ட கத்தி வைத்த இயந்திரம் ஒன்றை இரண்டு ஆண்கள் செடி வரிசைக்கு இருபுறமும் நின்று பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். அது இலையைச் சீவிச் சீவிப் பின்னால் கட்டிய நீளப் பைக்குள் ஊதுகிறது. மூன்றாமவர் அந்தப் பையை மணப்பெண்ணின் முந்தானை போலத் தாங்கிக்கொண்டு வருகிறார். பாடம் சொல்லும் வண்ணப்படங்களில் எல்லாம் இன்னும் கூடைதான் இருக்கிறது.

கொட்டகையில் விசாரணை தொடங்கியது. பகதூர் என்ற நேபாளித் தொழிலாளியிடம் முகிலன் கேட்டான்: பொத்தானை ஏன் அழுத்துவதில்லை? சூசை அதை மலாயில் போட்டார். பகதூர் முதலில் சூசையைப் பார்த்தார், பிறகு மலையைப் பார்த்தார், பிறகு கைகளை ஆட்டி ஆட்டி நீளமாகப் பேசினார். நடுவில் பக்கத்திலிருந்த ரஃபீக் என்ற வங்கதேசத்து ஆள் ஏதோ சேர்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். சூசை சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பினார்.

"தெரியலையாம்" என்றார்.

"இவ்வளவு நேரம் பேசினாரே?" என்றேன்.

"ஆமா லா. ரொம்பத் தெரியலையாம்."

அடுத்த கொட்டகையிலும் அதேதான். அடுத்த நாளும் அதேதான். பதில் சொல்வதற்கு முன் ஒவ்வொருவரும் ஒருமுறை சூசையின் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். இந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். ஆய்வுக்குப் போகும்போது, பதில் சொல்ல வேண்டிய எழுத்தர் தன் மேலாளரைப் பார்க்கும் பார்வை. அங்கே மேலாளரை வெளியே போகச் சொல்லிவிட்டுத்தான் கேட்பேன். இங்கே அவரை நானே வலிந்து உள்ளே கூட்டி வந்திருந்தேன், தமிழர் என்பதற்காக.

சூசை வீட்டில் எங்களுக்கு அன்றிரவு விருந்து. தோட்டத்து லைன் வீடு. வாசலில் கொத்தமல்லியும் சாமந்தியும். சூசையின் மனைவி மேரி, மலையில் கியா பார்ம் என்ற சந்தையில் பூக்கடை வைத்திருக்கிறார். மழை கொட்டுவதுபோல் பேசுகிறவர். கோழிப் பிரட்டலில் இஞ்சி தூக்கலாக இருந்தது; முட்டைக்கோஸ் அன்று காலை மண்ணில் இருந்தது என்பது கடிக்கும்போதே தெரிந்தது.

"அங்க கொட்டகையில எங்க ஆளுங்க கும்பலோட பேசினீங்களா அக்கா?" என்று மேரி கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர்தான் மொழிபெயர்த்தார். எல்லோரும் தெரியலைன்னு சொன்னதா சொன்னார்."

மேரி கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். "இவரு மொழிபெயர்த்தா பைபிளே ரெண்டு பக்கத்துல முடிஞ்சிரும்."

"நீ சும்மா இரு லா" என்றார் சூசை. முகத்தில் வேடிக்கை இல்லை.

அறைக்குத் திரும்பும் வழியில் முகிலன் சொன்னான்: "அத்தை, அவருக்குக் காரணம் தெரியுமுங்க. சொல்ல மாட்டேங்கறாரு." எனக்கும் அதுதான் தோன்றியது. தெரியாத மொழியால் இந்த வேலை போய்விடும் என்று பயந்து வந்தோம். தெரிந்த மொழியே கதவில் நின்று வழியை மறித்துக்கொண்டிருந்தது.

வழியைத் திறந்துவிட்டது போக்குவரத்து நெரிசல். சனிக்கிழமை காலை நாங்கள் கொட்டகையில் இருந்தபோது மேரியிடமிருந்து அழைப்பு வந்தது. கியா பார்மில் அவருடைய மோட்டார் சைக்கிள் கிளம்பவில்லை. "பத்து நிமிஷம் லா, வந்துர்றேன்" என்று சூசை லேண்ட் ரோவரில் இறங்கிப் போனார். சனிக்கிழமை கியா பார்ம் என்பது என்னவென்று எங்களுக்குத் தெரியாது. சமவெளியில் கார் வைத்திருக்கும் அத்தனை பேரும் அன்று ஸ்ட்ராபெரி வாங்க மலையேறுகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து சூசையின் குரல் கைப்பேசியில் கதறியது: "முன்னாடி பஸ்ஸு, பின்னாடி பஸ்ஸு, நடுவுல நான். பூக்காரி வேற பக்கத்துல உக்காந்து திட்டுறா. மெதுவா இருங்க தம்பி."

மெதுவாக இருந்தோம்.

மூட்டைகள் நிறைந்தன. இயந்திரங்கள் ஓய்ந்தன. தொழிலாளர்கள் கொட்டகைக்கு வந்து, சூசை எங்கே என்று கண்ணால் தேடினார்கள். இல்லை என்று தெரிந்ததும் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தேன். ஒருவர் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டார். குடுவையிலிருந்து தேநீர் வந்தது. ரஃபீக் ஒரு மூட்டையில் சாய்ந்து தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். பகதூர் கைப்பேசியை ஒரு கம்பத்தில் சாத்தி வைத்தார். திரையில் இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி தோன்றி, அப்பாவிடம் பல் விழுந்த இடத்தைக் காட்டினாள். முகிலன் பையிலிருந்து என் முறுக்கு டப்பாவை எடுத்து நடுவில் வைத்தான். முறுக்கின் வடிவம் அவர்களுக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. ஒருவர் அதைக் கண்ணாடி போலக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கடித்தார்.

கால் மணி போனது. அரை மணி போனது. லாரி வரவில்லை; யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. முகிலன் ஒரு மூட்டைக்குள் கைவிட்டான். இலையைத் தொட்டுப் பார்ப்பது வேலையாகுமா என்று யோசித்து, ஆகாது என்று தீர்மானித்தேன். "நடுவுல காய்ச்சல் மாதிரி சுடுதுங்க அத்தை" என்றான்.

பிறகு அவன் பச்சைப் பொத்தானைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினான். அவ்வளவுதான் அவன் மொழி.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பகதூர் எழுந்தார். காற்றில் ஒரு பொத்தானை அழுத்தினார். உடனே லாரியாக மாறினார்: உறுமிக்கொண்டு வளைவில் திரும்பி, கொட்டகை முன் வந்து பிரேக் போட்டார். அடுத்து, தூங்கிக்கொண்டிருந்த ரஃபீக்கைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். தேநீர்க் குவளையைக் கவிழ்ப்பதாகக் காட்டினார். கம்பத்திலிருந்த கைப்பேசியை எடுத்து, மகளுக்குக் கையசைத்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பைக்குள் போட்டார். கடைசியில் ஒரு கற்பனை இயந்திரத்தின் கனத்தில் முதுகு வளைந்து, தள்ளாடித் தள்ளாடி மலையில் ஏறினார். நின்றார். பொத்தானைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கொட்டகையே சிரித்தது. முகிலனும் கண்ணில் நீர் வரச் சிரித்தான். பணிக்காலத்தில் எத்தனையோ விளக்கக் குறிப்புகளைப் படித்திருக்கிறேன். இவ்வளவு தெளிவானது ஒன்றுகூட வந்ததில்லை. லாரி எவ்வளவு தாமதிக்கிறதோ அவ்வளவுதான் அவர்களுக்கு ஓய்வு. பொத்தானை அழுத்துகிறவன் தன் ஓய்வைத் தானே முடித்துவைக்கிறான். எந்த மடையன் அழுத்துவான்?

சாயங்காலம் சூசை எங்கள் அறைக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி ஸ்ட்ராபெரி. அதை மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

"பாத்துட்டீங்கல்ல தம்பி."

"பாத்தேன் அண்ணே."

"சின்ன துரைக்கு, அதான் திங்கக்கெழம வர்ற உதவி மேனேஜருக்கு, அவங்க உக்கார்றது தெரியாது. தெரிஞ்சா நேரத்த இறுக்கிருவாரு. நான் உக்கார விட்டேன்னு தெரிஞ்சா எனக்கும் சீட்டுக் கிழியும். அந்த மெசினு என்னா கனம் தெரியுமா? தூக்கிப் பாத்திருக்கீங்களா? நானே சின்ன வயசுல தூக்கி இடுப்பு போனவன். மொழி தெரிஞ்சவனுங்க ரெண்டு பேரு வந்தப்ப ஒண்ணும் சொல்லாதீங்கன்னு நாந்தான் சொல்லி வெச்சேன். ஊர்க்காரங்க வந்திருக்கீங்களேன்னு தட்ட முடியாம உங்களக் கூடவே இருந்து சுத்திக் காட்டினேன்."

"அண்ணே, எனக்கு இந்த வேலை வேணும்" என்றான் முகிலன். "வேற வழியில்லீங்க."

"தெரியுது லா. அதான் வந்தேன்" என்றார் சூசை. "சொல்லாதீங்கன்னு நான் கேக்க மாட்டேன். கேக்குறதுக்கு எனக்கு என்னா இருக்கு? ஸ்ட்ராபெரி இன்னிக்கே சாப்பிட்டுருங்க, நாளைக்கு வீணாயிரும்."

ஞாயிற்றுக்கிழமை சூசையும் மேரியும் தேவாலயத்துக்குப் போய்விட்டார்கள். தானா ராத்தாவின் நடைபாதையில் நானும் முகிலனும் இரண்டு தரம் போய்த் திரும்பினோம். காரணத்தைச் சொன்னால் வேலை கிடைக்கும், தொழிலாளர்கள் உட்காருவது போகும், சூசையின் வேலையும் போகும். சொல்லாவிட்டால் பெட்டிகள் கழன்று வரும். கூடவே நாங்களும் ஊர் திரும்புவோம். இதற்கு விதிப்புத்தகத்தில் இடமில்லை.

ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததும் அவன் திடீரென்று கேட்டான்: "அத்தை, உங்க ஆபீஸ்ல டீ இடைவேளை ரூல்ல இருந்துச்சுங்களா?"

"இல்லை. வழக்கத்தில் இருந்தது. விதியில் இல்லாததால் யாரும் அதற்கு எல்லை வைக்கவில்லை. பத்து நிமிடத்தில் முடிய வேண்டியது ஒரு மணி நேரம் நீளும். கண்டிப்பான அதிகாரி வந்தால் ஒரே உத்தரவில் அடியோடு போய்விடும்."

"ரூல்ல இருந்திருந்தா?"

"பத்து நிமிடத்துக்கு மேல் போகாது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை எவனாலும் பறிக்கவும் முடியாது."

அவன் எழுந்து விறுவிறுவென்று அறைக்கு நடந்தான். நான் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை உரக்கடை மாடியில் மிஸ் ஹோ, தோட்டத்து உதவி மேலாளர் ரஸ்லான், நாங்கள் இருவர். ரஸ்லானைத்தான் தோட்டத்தில் இன்றும் சின்ன துரை என்கிறார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத இளம் மலாய்க்காரர். அவரை அழைத்து வந்த சூசை சுவரோரமாகத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

முகிலன் பலகையில் இரண்டே படம் வரைந்தான். "இப்போது பொத்தானை அழுத்தினால் என்ன கிடைக்கிறது? லாரி. லாரி வந்தால் மறுபடியும் இயந்திரம். தொழிலாளிக்கு அதில் ஒன்றும் இல்லை. இதை மாற்றுவோம். பொத்தானை அழுத்தினால் கால் மணி நேர ஓய்வு தொடங்கட்டும். பெட்டியில் ஒரு விளக்கு எரியட்டும். விளக்கு அணையும்போது லாரி வந்து நிற்கட்டும். அழுத்தாதவனுக்கு ஓய்வு இல்லை."

"ஓய்வா?" என்றார் ரஸ்லான். "லாரிக்குக் காத்திருக்கும்போது இவர்கள் உட்கார்ந்துகொள்கிறார்களா?"

"இலை மூட்டைக்குள் அரை மணிக்கு மேல் கிடக்கிறது. நடுவில் கை வைத்தால் சுடுகிறது. அதை நான் பார்த்தேன். கால் மணியில் லாரி வந்தால் உங்களுக்கு லாபம்."

"நான் கேட்டது அதையல்ல. உட்காருகிறார்கள் என்று உங்களிடம் யார் சொன்னது? எந்தக் கும்பல்? பெயர் சொல்லுங்கள்."

சூசை தொப்பிக்குள் எதையோ தேடினார்.

"யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சார்" என்றான் முகிலன். "எனக்கு மலாய் தெரியாது. நேபாளியும் வங்காளமும் தெரியாது. சொல்லியிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது. விண்ணப்பத்திலேயே அதைத் தெளிவாக எழுதியிருக்கிறேன்."

ரஸ்லான் சூசையின் பக்கம் திரும்பினார். "நீங்கள்தானே இவருக்கு மொழிபெயர்த்தீர்கள்? அவர்கள் என்ன சொன்னார்கள்?"

"தெரியலைன்னு சொன்னாங்க துவான்" என்றார் சூசை மலாயில்; மிஸ் ஹோ எங்களுக்காக அதை ஆங்கிலத்தில் சொன்னார். "அதையே இவருக்கும் சொன்னேன். இந்தம்மாவே சாட்சி."

நான் சாட்சி சொன்னேன். ஒரு எழுத்துகூடப் பொய்யில்லாத சாட்சி: எனக்குத் தெரிந்து அவர் மொழிபெயர்த்த ஒவ்வொரு பதிலும் 'தெரியலையாம்' என்பதுதான். மிஸ் ஹோ சன்னலோரம் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

ரஸ்லான் பலகையின் பக்கம் திரும்பினார். சிவந்த இலைக்குத் தொழிற்சாலையில் தினமும் திட்டு வாங்குகிறவர் அவர்தான் என்பது பிறகு தெரிந்தது. "ஒரே ஒரு சரிவில் செய்து பாருங்கள். இரண்டு நாள். பயன் இல்லையென்றால் எல்லாப் பெட்டியும் திரும்பி வரும்" என்று எழுந்தார். மிஸ் ஹோவின் ஆட்கள் அன்று பிற்பகலே பெட்டியின் மென்பொருளை மாற்றினார்கள். முகிலன் நாற்காலியின் பின்னால் நின்று வாயால் மட்டும் வழிகாட்டினான்.

வேலை உண்டா இல்லையா என்று மிஸ் ஹோ சொல்லவில்லை. "பார்ப்போம்" என்றார்.

அடுத்த நாள் எங்களுக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. சூசையையும் காணோம். நேரத்தைக் கொல்ல மேரி எங்களை லெம்பா பெர்த்தாம் என்ற ஊரில் தன் தம்பியின் காய்கறித் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு அணைக்குக் கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பிளாஸ்டிக் கூரை. கூரைக்கடியில் தக்காளியும் மிளகாயும். தம்பி எங்களுக்கு ஒரு முழு முட்டைக்கோஸைப் பரிசளித்தார். விமானத்தில் அதை என்ன செய்வது என்று நான் கேட்டபோது, "மடியில வெச்சுக்குங்க அக்கா, கொழந்தைன்னு சொல்லிருங்க" என்றார். செடிப்பொருளை நாட்டுக்குள் கொண்டுவருவது பற்றிய விதிகளை அவருக்கு விளக்கினேன். கடைசிவரை கவனமாகக் கேட்டுவிட்டு முட்டைக்கோஸைப் பையில் திணித்தார்.

இரண்டாம் நாள் காலை ரொட்டிக் கடையில் இருந்தோம். முகிலன் ரொட்டியைப் பிய்த்தானே தவிரச் சாப்பிடவில்லை. கைப்பேசி ஒலித்தது. மிஸ் ஹோ. அவன் ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தான்.

"உங்களால் எனக்குப் புதுத் தலைவலி. லாரி ஓட்டுநர் என்னை அழைத்துக் கத்துகிறார்."

"அழுத்தவில்லையா?"

"கையை எடுக்க மாட்டேன் என்கிறார்கள். நேற்று முழுக்க அழுத்தினார்கள். இலை ஒன்றுகூடச் சிவக்கவில்லை, ரஸ்லான் எல்லாச் சரிவுப் பெட்டியையும் இப்படியே மாற்றச் சொல்கிறார். ஆனால் இன்றைக்குக் காலையில் பாதி மூட்டைக்கே அழுத்தியிருக்கிறார்கள். பத்து மணிக்குள் லாரி ஒரே கொட்டகைக்கு மூன்று முறை போய்விட்டது."

பின்னணியில் சூசையின் குரல் தமிழில் கேட்டது. "தம்பி, பகதூரு விடிஞ்சு வந்த ஒடனே ஒரு தடவ அழுத்திட்டான் லா! மெசின இன்னும் எறக்கவே இல்ல!"

முகிலன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பெட்டிக்குக் கீழே ஒரு எடைத் தட்டு வைக்க வேண்டும். மூட்டைகள் நிறைந்த எடை வந்தால்தான் பொத்தான் வேலை செய்யும். ஒரு வாரத்தில் எழுதிவிடலாம்."

"யார் எழுதுவது? என் ஆட்களுக்கு இது தெரியாது." மிஸ் ஹோ ஒரு மூச்சு விட்டார். "பட்டச் சான்றிதழையும் கடவுச்சீட்டு நகலையும் இன்றே அனுப்புங்கள். பிற்பகல் உங்கள் அனுமதிக்கு விண்ணப்பிக்கிறேன்."

"சரிங்க மேடம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு அதை ஆங்கிலத்திலும் சொன்னான். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். பிறகு ஆறிப்போன ரொட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, சூடாக இரண்டு போடச் சொன்னான்.